கூட்டல் பிழை

இன்வர்கார்கில், ஜூன்.
தென்துருவத்தில் புறப்பட்ட காற்று
வழியில் எங்கும் நிற்காமல்
நேரே எங்கள் நீதிமன்றத்துக்குத்தான் வருகிறது.
இரண்டாம் அறையின் பக்கக் கதவு சரியாகச் சாத்தாது.
அது இஷ்பெல் கர்நாகனுக்குத் தெரியும்:
பதினாறு வருடம் சுவரோர மேசையை
முதலில் வந்து பிடித்துக்கொண்ட வக்கீல்.
இன்றைக்கு இடம் அவள் பார்த்தெடுத்ததல்ல.
கண்ணாடிக் கூண்டு. கதவுக்கு நேர் எதிர்.

எல்லோரும் எழுந்திருங்கள் என்று நான் சொல்லி முடிப்பதற்குள்
எழுந்துவிட்டாள்.
அங்கி இல்லாமல் தோள்கள் சிறுத்திருந்தன.

அரசு வக்கீல் படித்தார். அவளிடம் தொழில் பழகியவர்,
தலை தூக்கவில்லை.
டீன் ஹாலிவெல்லின் படகுக் கொட்டகை.
சிங்கி இறால் கூண்டுகளின் அடியில் பதினொரு கிலோ மெத்.
விற்பனைக்கே வராத ஒரு வீட்டுக்கு முன்பணமென்று
அவளுடைய கட்சிக்காரர் கணக்கில்
மூன்று முறை குளித்துக் கரையேறிய பணம்.
பிறகு அந்தப் புதன்கிழமை இரவு ஒரு குறுஞ்செய்தி:
"நாளைக்கு விருந்தாளிகள்."
விடியலில் போன போலீசுக்குக் கிடைத்தது
கழுவிவிட்ட தரை, குளோரின் வாடை,
கெட்டிலில் இன்னும் ஆறாத தண்ணீர்.

காதலுக்குச் சட்டத்தில் தனிப் பிரிவு கிடையாது.
அவளுக்காக வாதாடிய ரங்கிஹூனா கேட்டுப் பார்த்தார்:
ஒன்பது வருடம் ஒரே கட்டிலில் படுத்தவனைக்
குறுக்கு விசாரணை செய்ய
யாரால் முடியும், கனம் கோர்ட்டார் அவர்களே?
நீதிபதி ஓகில்வி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
குளிர்பெட்டியில் பட்டாணிப் பையைத் திறந்து,
உள்ளே பட்டாணி இல்லையென்று பார்த்து,
மறுபடி மூடி வைத்த கை ஒன்று இருக்கிறதே,
அந்தக் கையைப் பற்றித்தான் என் தீர்ப்பு என்றார்.

பிறகு கணக்கு.
ஆறு வருடத்தில் தொடக்கம்.
காசில்லாதவர்களுக்குக் காசு வாங்காமல் பேசியதற்கும்
தொழில் பறிபோனதற்கும் எட்டு மாதம் கழிவு.
காலில் மின்பட்டையோடு வீட்டிலிருந்ததற்கு ஐந்து.
"ஆக, நான்கு வருடம் ஒன்பது மாதம்."
தட்டச்சு செய்தேன்.

கூண்டுக்குள் ஒரு கை உயர்ந்தது.
ரங்கிஹூனா திரும்பி, வேண்டாம் வேண்டாமென்று வாயசைத்தார்.
"மன்னிக்க வேண்டும். பதினொன்று.
நான்கு வருடம், பதினொரு மாதம்."

நீதிபதி பென்சிலால் கூட்டினார். இன்னொரு முறை.
"நன்றி, மிஸ் கர்நாகன்" என்றார்,
பழைய நாட்களில் சொல்கிற அதே குரலில்.
சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது.
பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
அவள் தங்கை எழுந்து வெளியே போனாள்.

நேர்மையா, பழக்கமா,
இல்லை, இன்னும் இரண்டு மாதம் கேட்டு வாங்குமளவு
தன்மேலேயே கோபமா?
பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.
ஒன்பதை அடித்துப் பதினொன்று என்றெழுதி
ஓரத்தில் என் சுருக்கொப்பம் போட்டேன்.

சோதனை ஆணை பற்றி அவளுக்கு யார் சொன்னதென்று
கடைசிவரை வெளிவரவில்லை.
அவள் சொல்லவில்லை.
முத்திரை குத்துகிற அலுவலகத்தில் நாங்கள் ஆறு பேர்;
தேநீருக்குத் தனித்தனியாகப் போகிறோம் இப்போது.

அந்தப் புதன்கிழமை சாயங்காலம்
கார் கண்ணாடியில் ஒட்டிய ஆலங்கட்டித் தூளை வழித்துக்கொண்டே
நாளைக்கு வேலை அதிகமா என்று கேட்டாள்.
எனக்கில்லை,
ப்ளஃப் துறைமுகம் போகிறவர்களுக்குத்தான் என்றேன்.
குளிரைப் பற்றிப் பேசுகிற மாதிரிதான் பேசினோம்.
அவள் கொஞ்ச நேரம் வழிப்பதை நிறுத்தியதும்
நான் என் சாவியைத் தேடியதும்
எந்தச் சாட்சியத்திலும் இல்லை.

கீழே அழைத்துப் போகையில்
என் மேசையைக் கடந்தாள்.
"அந்தக் கதவை இன்னுமா யாரும் சரிபண்ணவில்லை, மொராக்?"

எழுதிக் கேட்கிறேன் என்றேன்.